சங்கு ஊதும் முன்

2013 அக்டோபர் 23, அதிகாலை. கனமழையில் ரிங்லெட் ஏரி நிரம்பவே, சுல்தான் அபு பாக்கார் அணையைத் திறந்தார்கள். கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளும் கார்களும் அடித்துச் செல்லப்பட்டன. உயிர்களும் போயின.

நானும் பொறியாளன்தான். திறக்காவிட்டால் அணைக்கே ஆபத்து என்பது புரிகிறது. அந்த நேரத்தில் ஊரைக் கூட்டிக் கருத்துக் கேட்க முடியாதுதான். ஆனா, முடிவு அந்த ராத்திரியிலா எடுக்கப்பட்டது?

1963-இல் கட்டி முடித்த அணை இது. மேலே காய்கறித் தோட்டங்களுக்காக வெட்டிய மலைகளின் மண், வருஷக்கணக்காக ஏரியில் படிந்தது. தண்ணீர் தங்கும் இடம் குறைந்தது. எவ்வளவு மண் அள்ளுவது, நீர்மட்டத்தை எங்கே நிறுத்துவது, ஆற்றோரத்தில் யாரைக் குடியிருக்க விடுவது? இதெல்லாம் மழையில்லாத நாள்களின் முடிவுகள். மக்களைக் கேட்க வேண்டிய நேரமும் அதுதான்.

“சாதாரண ஜனங்களுக்கு அணைக் கணக்கு தெரியுமா?” என்பார்கள். தெரியாமல் இருக்கலாம். ஏரியை நிறைத்து வைத்தால் மின்சாரம் கூடும், ஆபத்தும் கூடும். எவ்வளவு என்பதை நாங்கள் கணக்குப் போட்டுச் சொல்லிடலாம். இவ்வளவு மின்சாரத்துக்காக இவ்வளவு ஆபத்து சரியா என்பது கணக்கு இல்லை, நியாயம். ஆபத்தைச் சுமப்பவரைக் கேட்காமல் அதற்கு யார் பதில் சொல்வது?

மின்வாரியம் மட்டும் வந்தால் போதாது. மேலே மலையை வெட்டியவரும் வந்து, கீழே இருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பேசணும்.

அணை திறக்கும்போது சங்கு ஊதுவார்கள். அது ஓடச் சொல்லும். சம்மதமா என்று கேட்காது.