காட்சிக்கு வைத்த அறிவு

ஓர் ஆராய்ச்சி நிலையம் பொதுமக்களுக்குத் தன் கதவைத் திறக்கும்போது அது தானம் செய்கிறதா, கடனைத் திருப்பித் தருகிறதா? வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். தானம் வாங்குகிறவன் கொடுத்ததைப் பெற்றுக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போகவேண்டியவன். கடன் கொடுத்தவனுக்கோ கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்றின் முகத்துவாரத்தை ஒட்டி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. அதன் அருங்காட்சியகத்தைப் பார்த்தபோது எழுந்த கேள்வி இது. அந்த மையத்தோடு நிற்கிற கேள்வியும் அல்ல.

இத்தகைய அருங்காட்சியகங்களில் பார்வையாளனுக்குக் கிடைப்பவை இரண்டு: ஒரு வடிவம், ஒரு பெயர். குடுவைத் திரவத்தில் மீன் தன் நிறத்தை இழந்துவிடுகிறது. மீதமிருக்கும் வெளிறிய உடலுக்குக் கீழே லத்தீன் பெயர். இந்தப் பெயர்தான் மக்களை விரட்டுகிறது, எளிய தமிழில் எழுதிப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. நான் இதை ஒப்புக்கொள்ளமாட்டேன். புரியாமை என்ற குற்றச்சாட்டைச் சிறுபத்திரிகை வாசகன் போதுமான அளவு கேட்டிருக்கிறான். ஒரே மீனுக்குக் கரைக்குக் கரை பெயர் மாறும்போது, உலகம் முழுவதும் ஒரே பொருளைச் சுட்டும் பெயர் ஒன்று தேவைதான். அந்தப் பெயரின் கடினத்தைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. அதற்குள் புதைந்திருக்கும் பற்றுவரவைப் பற்றித்தான் பேசவேண்டியிருக்கிறது.

'செட்டோடெஸ் எருமெய்' என்று ஒரு தட்டை மீன். அந்த இரண்டாவது சொல்லைத் தமிழ்க் காது உடனே அடையாளம் கண்டுகொள்ளும். அது நம் எருமைதான். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், டேனிஷ்காரர்களின் ஆட்சியில் இருந்த தரங்கம்பாடியில், கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார் இந்தக் கரையின் மீன்களைச் சேகரித்துப் பதப்படுத்தி, பெர்லினில் மருத்துவராக இருந்த மார்க்கஸ் ப்ளாக் என்பவருக்கு அனுப்பிவந்தார். கூடவே கரையில் வழங்கிய பெயர்களும் போயின. 'எருமை நாக்கு' என்று செம்படவர் அழைத்த மீன், ப்ளாக் இறந்த பிறகு 1801-இல் அவருடைய நூலை ஷ்னைடர் முடித்து வெளியிட்டபோது 'எருமெய்' ஆயிற்று. கறுத்த கத்தாளை 1793-லேயே 'ஜானியஸ் கருட்டா' ஆகிவிட்டது. ப்ளாக் சேகரித்தவற்றில் பல இன்னும் பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவர் இந்தக் கடலைப் பார்த்ததில்லை.

அந்தப் பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள். 'ஜானியஸ்' என்பது அனுப்பிய பாதிரியாரின் பெயர். 'கருட்டா' பிடித்தவனின் சொல். அனுப்பியவர் பெயரோடு நிலைபெற்றார். பிடித்தவனிடமிருந்து சொல் மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டது. இதற்காக ப்ளாக்கைத் திட்டுவது சுலபம், ஆனால் நியாயமாகாது. பெர்லினில் உட்கார்ந்து அவர் எந்த லத்தீன் சொல்லையும் சூட்டியிருக்கலாம்; கரையின் சொல்லை வைத்துக்கொண்டார். என் ஆட்சேபம் வேறு. பரந்து கிடக்கும் ஒரு மீனில் எருமையின் நாக்கைக் கண்டவனிடம், அது எந்தத் தரையில் கிடக்கும், எந்தக் காற்றில் வலைக்கு வரும் என்கிற அறிவும் இருந்தது. உடலும் பெயரும் கப்பலேறின. அறிவு கரையிலேயே நின்றுவிட்டது. இரு நூற்றாண்டுக்குப் பிறகு அவன் வழிவந்தவன் அருங்காட்சியகத்துக்குள் 'பார்வையாளன்' என்ற பெயரில் நுழைகிறான்.

பொதுமக்களோடு வேறுவிதமான உறவை வைத்துக்கொண்ட நிலையமும் உண்டு. நேப்பிள்ஸ் கடற்கரையில் அன்டன் டோர்ன் நிறுவிய ஆய்வு நிலையத்தில் ஆய்வுக்கூடங்கள் மேலே. கீழ்த்தளத்தில் 1874-இல் திறந்த மீன்காட்சி. காட்சிக்கு வருபவர்களின் கட்டணம் மேலே நடக்கும் ஆராய்ச்சிக்கு உதவவேண்டும் என்பது டோர்னின் திட்டம். பல்கலைக்கழகங்களும் அரசுகளும் ஆண்டு வாடகைக்கு ஆய்வு மேஜைகளை எடுத்துக்கொண்டன. ஒளிவுமறைவற்ற வியாபாரம், சீட்டு வாங்கினவன் பார்த்தான், கணக்கு தீர்ந்தது. பரங்கிப்பேட்டையில் கணக்கு அப்படித் தீராது. ஆராய்ச்சிக்கான உயிர்கள் வரும் கடலும் சுற்றியுள்ள குப்பங்கள் பிழைக்கும் கடலும் ஒன்றே. அங்கே கண்டறியப்படுவது குப்பத்துக்காரனின் உயிரைப் பற்றியதாகவும் இருக்கக்கூடும்.

இருந்திருக்கிறது. 2004 டிசம்பர் 26-இல் கடல் உள்ளே வந்த பிறகு, இந்த மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர் இணைந்து எழுதிய கட்டுரை ஒன்று 2005-இல் ஒரு சர்வதேச ஆய்விதழில் வெளிவந்தது. இந்தக் கடலோரத்தின் 18 குப்பங்களின் இழப்பை ஆராய்ந்து, அடர்ந்த அலையாத்திக் காடும் கடலோரத் தாவரங்களும் இருந்த இடங்களில் சாவும் பொருட்சேதமும் குறைவு என்றது. அடுத்த ஆண்டு அதே இதழில் வேறு மூவர் அதே எண்களை எடுத்துத் திரும்பக் கணக்கிட்டார்கள். ஊரின் உயரம், கடலிலிருந்து அதன் தூரம் ஆகிய இரண்டுமே வித்தியாசத்தின் பெரும்பகுதியை விளக்கிவிடுகின்றன, மரங்களின் பங்காகத் தனியே மிஞ்சுவது சொற்பம் என்பது அவர்கள் வாதம். மரங்கள் மேட்டில், கடலுக்குத் தள்ளி வளர்ந்திருந்தால், ஊரைக் காத்தது மரமா மேடா? பதிலும் மறுபதிலுமாக விவாதம் மேலும் நீண்டது.

இதில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. என் கேள்வி இதுதான்: இந்த விவாதத்தை அந்தப் பதினெட்டுக் குப்பங்களும் கேட்டனவா? அவர்களுடைய சாவை எண்ணித்தான் இந்த எண்கள் கிடைத்தன. அந்த வகையில் அவர்களும் கடன் கொடுத்தவர்கள். மரம் காக்கும் என்றால் தாழ்ந்த இடத்திலும் மரத்துக்குப் பின்னால் வீடு கட்டலாம். மேடுதான் காக்கும் என்றால் ஊரையே நகர்த்தவேண்டும். கடலை விட்டுத் தள்ளிப்போனால் தொழில் போகும். இந்தத் தேர்வை ஆய்விதழின் பக்கங்கள் செய்யப்போவதில்லை. செய்யவேண்டியவன் மீனவன்.

இரண்டு மறுப்புகள் எழும். பாமரனுக்கு இரண்டு பக்கத்தையும் சொன்னால் குழம்புவான் என்பது ஒன்று. காற்று ஒன்று சொல்ல, நீரோட்டம் இன்னொன்று சொல்ல, இரண்டுக்கும் நடுவே தினமும் முடிவெடுத்துக் கடலுக்குப் போகிறவனுக்கு ஐயத்தோடு வாழக் கற்றுத்தர வேண்டியதில்லை. இரண்டாவது மறுப்பு கனமானது. சந்தேகத்தை வெளியில் சொன்னால் காட்டை வெட்டக் காத்திருப்பவர்களுக்கு அது ஆயுதமாகிவிடும். உண்மைதான், ஆகிவிடக்கூடும். ஆனால் இறாலும் மீனும் குஞ்சாக வளர்வதற்கு அந்தக் காடு வேண்டும். அதைக் காக்க அந்த ஒரு காரணமே போதும். உறுதிப்படாத காரணத்தைச் சொல்லிக் காட்டைக் காத்தால், அந்தக் காரணத்தை நம்பி ஒருவன் தன் குழந்தைகளைத் தாழ்ந்த நிலத்தில் தூங்கவைப்பான். நல்ல காரியத்துக்காகச் சொன்ன அரை உண்மைக்கு அவன் ஈடு கொடுப்பான்.

நான் வேலைசெய்யும் தொழிலில், கணினி வருவதற்கு முன்பு, பேரேட்டில் தவறாக விழுந்த எண்ணைச் சுரண்டி அழிப்பது குற்றம் என்று மூத்த எழுத்தர்கள் சொல்வார்கள். பழைய எண் படிக்கும்படியாக ஒரு கோடு, மேலே சரியான எண், பக்கத்தில் கையெழுத்து. திருத்தினவன் யார், திருத்துவதற்கு முன் என்ன இருந்தது என்று பிற்பாடு யாரும் பார்க்கலாம். விஞ்ஞானத்தின் உண்மையான நாணயமும் இங்கேதான் இருக்கிறது. ஆய்விதழ்களில் அது அப்படித்தான் நடந்துகொள்கிறது. 2006-இன் மறுப்பு அச்சானது அதே இதழில் என்பதே அதற்குச் சாட்சி. பொதுமக்கள் முன் வரும்போதுதான் அடித்த கோடுகளை மறைத்துவிட்டு இறுதித் தொகையை மட்டும் காட்டுகிறது. அடுத்த தவறு அம்பலமாகும்போது அதே மக்கள் விஞ்ஞானத்தையே சந்தேகித்தால், 'மூடநம்பிக்கை' என்று அவர்கள்மேல் பழி.

நம் இலக்கிய விமர்சனத்தின் ஸ்திதியும் இதற்கு மேலானதல்ல. தீர்ப்பு அச்சாகிறது, தீர்ப்பை எட்டும்வரை விமர்சகன் பட்ட ஐயம் அச்சாவதில்லை. வாசகனிடம் ஒரு குடுவையை நீட்டுகிறோம், நிறம் போன கவிதையும் கீழே ஒரு பெயரும்.

ஆராய்ச்சி நிலையங்கள் கதவைத் திறக்கட்டும், பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்க்கட்டும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குடுவைக்குக் கீழே 'செட்டோடெஸ் எருமெய்' என்று இருக்கட்டும், அந்தச் சொல் எந்தக் கரையிலிருந்து போனது என்றும் பக்கத்தில் எழுதவேண்டும். 2005-இன் முடிவையும் 2006-இன் மறுப்பையும் ஒரே சுவரில், ஒரே அளவு எழுத்தில் ஒட்டவேண்டும். அதைப் படித்துவிட்டுக் குப்பத்துக்காரன் ஒருவன், "எங்க ஊர்ல தண்ணி அந்தப் பக்கமா வரலைங்க, ஆத்து வழியா வந்துச்சு" என்று சொன்னால், அதை எழுதிக்கொள்ள அங்கே ஒரு நோட்டும், எழுதிக்கொள்ள ஒரு ஆளும் இருக்கவேண்டும்.