ஐயத்தை விற்றல்

ஒருவன் பொய்யென எண்ணிக் கூறியது பின்னர் மெய்யாகிவிட்டால், அவன் பொய் கூறியவனா, மெய் கூறியவனா? விரிவுரை மண்டபத்தில் வெறும் சொல்விளையாட்டாகத் தோன்றிய இவ்வினா, விளையாட்டுக் கணினியொன்றின் பழுதை முன்னிட்டு என் வாழ்வில் விடைகேட்டு நின்றது. கணினியின் பழுது ஒழுக்கவியலுக்குரிய பொருளாகுமா எனச் சிலர் வினவக்கூடும். பழுதின் காரணத்தை நாடுதல் அறிவின் பாற்பட்டது. பழுதென்று தான் கருதும் பொருளைப் பிறர் கையில் ஒப்படைத்தல் ஒழுக்கத்தின் பாற்பட்டது. இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிகழ்ந்ததை முதலிற் கூறிவிடுகிறேன். பாகம் பாகமாக வாங்கி நானே பொருத்திய கணினியொன்று என்னிடம் உண்டு. பகலிற் கட்டுரை எழுதவும் இரவில் விளையாடவும் அது பயன்பட்டது. 2023ஆம் ஆண்டில், விளையாட்டின் நடுவே அது திடீரென அணைந்து மீளத் தொடங்கலாயிற்று. திரையில் எச்சரிக்கை எதுவும் தோன்றுவதில்லை. விண்டோஸ் நிகழ்வுப் பதிவேட்டில் 41 என்னும் இலக்கம் மாத்திரம் காணப்பட்டது. கணினி முறையாக மூடப்படாமல் மீளத் தொடங்கியது என்பதே அவ்விலக்கத்தின் பொருள். ஏன் என்பதை அது கூறாது. கட்டுரை எழுதும்போது ஒருநாளும் அணையாத கணினி, விளையாடும்போது மட்டும் அணைந்தது. ஆதலால், காட்சிகளைத் தீட்டும் கிராபிக்ஸ் அட்டையே பழுதென முடிவு செய்தேன். அதனை விற்று வலுக்கூடிய அட்டையொன்றை வாங்குவதே பரிகாரம் எனவும் துணிந்தேன்.

அக்காலத்தில் விற்பது எளிதாக இருந்தது. 2022 மார்ச்சின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் பெறுமதி மே மாதத்தில் 360 ரூபாவை அண்மித்தது. புதிய பாகங்களின் விலை மாணவர் கைக்கு எட்டாதுபோகவே, பழைய பாகங்களுக்குக் கேள்வி மிகுந்தது. விடுதியிலிருந்த முதலாம் வருட மாணவனொருவன் முப்பதாயிரம் ரூபாவுடன் வந்தான். மாதம் ஐயாயிரம் ரூபா வீதம் கிடைத்த மகாபொல உதவிப்பணத்தில் அது ஆறு மாதத்துக்குரிய தொகை.

“அண்ணா, இதில ஏதும் பிழை இருக்கோ?” என்று கேட்டான்.

“ஒரு பிழையும் இல்லை” என்றேன்.

புதிய அட்டையைப் பொருத்திய அன்றிரவே கணினி முன்னிலும் விரைவாக அணைந்தது. அதன் பின்னரே செய்யவேண்டியதைச் செய்தேன். நண்பனொருவனின் ‘பவர் சப்ளை’யை, அதாவது மின்வழங்கியை, இரவலாகப் பெற்று என் கணினியில் மாட்டினேன். மற்றெதையும் மாற்றவில்லை. கணினி அணையவில்லை. என் பழைய மின்வழங்கியை மீண்டும் மாட்டினேன், அணைந்தது. குற்றவாளி அகப்பட்டது. வீட்டு மின்னின் 230 வோல்ற்றை 12 வோல்ற்று நேர்மின்னாக்கி வழங்குவது மின்வழங்கியின் தொழில். அந்த 12 வோல்ற்று, 11.4க்கும் 12.6க்கும் இடையில் நிற்றல் வேண்டும். உள்ளிருக்கும் மின்பகு கொள்ளளவிகள் வெப்பத்தாலும் வயதாலும் தளர்ந்துவிட்டால், சுமை சடுதியாக ஏறும்போது அந்த அளவு நிலைபெறாது. 120 வாற்று இழுத்த பழைய அட்டையின் சுமையையே தாங்கமாட்டாத மின்வழங்கி, 170 வாற்று இழுக்கும் புதியதன் முன் விரைந்து வீழ்ந்ததில் வியப்பில்லை. நான் விற்ற அட்டையில் உண்மையிலேயே ஒரு பிழையும் இருக்கவில்லை.

என் முதல் முடிவு எங்கே தவறியது என்பதை ஜோன் ஸ்டுவாட் மில் 1843இல் வெளியிட்ட தருக்கநூலின் துணைகொண்டு விளக்கலாம். ஒரு விளைவு தோன்றும் சந்தர்ப்பங்கள் அனைத்திலும் பொதுவாயிருப்பதைக் காரணமெனக் கொள்வது அவர் கூறும் ஒற்றுமை முறை. ஏனையவெல்லாம் ஒத்திருக்க ஒன்று மாத்திரம் வேறுபடும் இரு சந்தர்ப்பங்களை ஒப்பிடுவது வேறுபாட்டு முறை. நான் முதலிற் கையாண்டது ஒற்றுமை முறை. விளையாடும்போதெல்லாம் கிராபிக்ஸ் அட்டை கடுமையாக உழைத்தது உண்மையே. ஆனால் அது உழைக்கும்போதெல்லாம் மின்வழங்கியும் உழைத்தது. சேர்ந்தே நிகழ்ந்த இரண்டினுள் ஒன்றை மட்டும் நான் கண்டேன். அவற்றைப் பிரித்தறிய அரைமணி நேரச் சோதனையே போதுமாயிருந்தது.

அந்த அரைமணி நேரத்தை நான் ஏன் செலவிடவில்லை? முறை தெரியாமையால் அன்று. சோதித்தால் அட்டை குற்றமற்றதென வெளிப்பட்டுவிடலாம். வெளிப்பட்டால் புதியதை வாங்குவதற்கு நியாயமில்லாது போய்விடும். பழுது என்னும் எண்ணம் எனக்குத் தேவையாயிருந்தது. தரமுயர்த்தும் ஆசை, பழுதுபார்த்தல் என்னும் வேடத்தைப் புனைந்துகொண்டது. இது கணினி வைத்திருப்போர் பலருக்கும் பொதுவான அனுபவம் என்றே கருதுகிறேன்.

இனி, என் கூற்றுக்கு வரக்கூடிய சமாதானங்களை ஒவ்வொன்றாக நோக்குவோம். வாங்கியவனுக்குத் தீங்கு எதுவும் நேரவில்லையே என்பது முதலாவது. வாய்மை என்பது தீமை பயவாத சொல்லே என வள்ளுவர் வரையறுத்தமை இதற்கு அரணாகக் காட்டப்படலாம். எனினும் அதே அதிகாரத்தில், தன் நெஞ்சறிந்த ஒன்றைக் குறித்துப் பொய் கூறலாகாதெனவும், கூறின் அந்நெஞ்சே தன்னைச் சுடும் எனவும் அவர் விதிக்கின்றார். முன்னையது சொல்லின் பயனை அளக்கின்றது. பின்னையது சொல்லுக்கும் நெஞ்சுக்கும் உள்ள உறவை அளக்கின்றது. முதல் அளவையால் நான் தப்பலாம், இரண்டாவதால் தப்பமுடியாது. நான் அறிந்தது அட்டையின் நிலையை அன்று, என் ஐயத்தை. அந்த ஐயம் இருந்தது என்பதை என் நெஞ்சு ஐயமின்றி அறிந்திருந்தது.

பழைய பொருளை வாங்குபவனே விழிப்பாயிருத்தல் வேண்டும் என்பது இரண்டாவது சமாதானம். கி.மு. 44இல் கடமைகள் பற்றி எழுதிய நூலில் சிசரோ இவ்வழக்கை ஆராய்கின்றார். உக்கிய மரங்களும் பாம்புகளும் உள்ளதென உரிமையாளன் மாத்திரம் அறிந்த வீட்டை, அவன் அதனைக் கூறாது விற்கலாமா என்பது வினா. சட்டம் கட்டாயப்படுத்தாதவற்றைக் கூறவேண்டியதில்லை என்பது டயோஜெனிஸின் கட்சி. மறைப்பது மானிட உறவுக்கே மாறானது என்பது அந்திபாத்தரின் கட்சி. மறைத்திருத்தல் ஆகாது என்றே சிசரோ தீர்க்கின்றார். டயோஜெனிஸின் கட்சியையே ஒப்புக்கொண்டாலும் அது என்னைக் காப்பாற்றாது. அவர் நியாயப்படுத்தியது மௌனத்தை. நானோ கேட்ட கேள்விக்கு மறுமொழி சொன்னேன்.

சிசரோவின் உரிமையாளன் குறையைத் திட்டமாக அறிந்தவன். நான் ஐயுற்றவன் மாத்திரமே. ஆகவே கிளிபர்ட் என்னும் ஆங்கிலேயக் கணிதவியலாளர் நம்பிக்கையின் ஒழுக்கம் குறித்து 1877இல் எழுதிய கட்டுரை எனக்கு இன்னும் நெருக்கமானது. பழங்கப்பலொன்றின் சொந்தக்காரன், அதன் உறுதி பற்றித் தன்னுள் எழுந்த ஐயங்களைச் சோதித்துத் தீர்க்காமல் அமுக்கிவிட்டுப் பயணிகளை ஏற்றி அனுப்புகின்றான். கப்பல் மூழ்குகின்றது. அவன் குற்றவாளி. கப்பல் மூழ்காது கரை சேர்ந்திருந்தாலும் அவனது குற்றம் அணுவளவேனும் குறையாது என்பது கிளிபர்ட்டின் முடிபு. ஏனெனில் குற்றம் கப்பலின் நிலையில் இல்லை. அவன் அந்நம்பிக்கையை அடைந்த முறையில் உள்ளது.

என் அட்டை கரை சேர்ந்த கப்பல். ஆயினும் அக்கப்பற்காரனிலும் என் நிலை இழிந்தது. அவன் தன் ஐயத்தைத் தனக்கும் மறைத்தான், பிறருக்கும் மறைத்தான். நானோ அதே ஐயத்தை இரு வேறு அளவைகளால் நிறுத்தேன். புதியதை வாங்க நியாயம் தேடியபோது அது எனக்கு உறுதியான அறிவாயிற்று. விலை பேசியபோது அவனுக்கு இல்லாத ஒன்றாயிற்று. ஒரே ஐயத்தை வாங்கும்போது மெய்யாகவும் விற்கும்போது பொய்யாகவும் பயன்படுத்திய இந்த இரட்டை நிறுவையே என் குற்றத்தின் உருவம் எனலாம்.

விளைவு முற்றாகப் பொருட்டற்றதா என இங்கு ஒரு தடை எழும். பேணாட் வில்லியம்ஸும் தோமஸ் நேகலும் 1976ஆம் ஆண்டு முதல் வற்புறுத்தியது போல, நம் கைக்கு அப்பாற்பட்ட நற்பேறு நம்மைப் பற்றிய ஒழுக்கத் தீர்ப்பிலும் புகுந்துவிடுகின்றது. அட்டை உண்மையிலேயே பழுதாயிருந்திருப்பின் என்னை எல்லோரும் ஏசியிருப்பர். இன்று எவரும் ஏசவில்லை. இதனை மறுப்பதற்கில்லை. ஆனால் கடனையும் குற்றத்தையும் வேறுபடுத்திக் காணல் வேண்டும். பழுதாயிருந்திருப்பின் முப்பதாயிரம் ரூபாவையும் திருப்பிக் கொடுக்கும் கடன் எனக்கு உண்டாகியிருக்கும். நற்பேறு அக்கடனை நீக்கியது. குற்றமோ விற்ற அன்றே முற்றுப்பெற்றுவிட்டது. பின்னர் வந்த எச்சோதனையும் அதனைக் கூட்டவோ குறைக்கவோ வல்லதன்று.

இவ்வாறு எண்ணியபின் அம்மாணவனிடம் சென்று நிகழ்ந்தவற்றைக் கூறினேன். அட்டை நன்றாகவே இயங்குவதால் சிரித்துவிட்டுப் போய்விடுவான் என எதிர்பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. அட்டையைப் பற்றி ஒன்றுமே கேட்கவுமில்லை.

“அப்ப, அண்டைக்கு என்னத்தை நினைச்சண்ணா அப்பிடிச் சொன்னனீங்கள்?” என்றான்.

கிளிபர்ட்டைப் படியாத அவன் கேட்டது கிளிபர்ட்டின் வினாவையே. “பழுதெண்டு நினைச்சுத்தான்” என்றேன். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, பாடம் இருக்கிறதெனப் போய்விட்டான். இப்போதும் கண்டால் ‘அண்ணா’ என்றே அழைக்கின்றான். ஆனால் நினைவகம் வாங்க வேண்டியிருந்தபோது என்னிடம் வரவில்லை.

தொகுத்து நோக்குமிடத்து, பழுதுபார்ப்பவனின் கடமை பழுதை நீக்குவதோடு முடிவதில்லை என்பது புலனாகும். தன் ஐயத்தைச் சோதித்துத் தீர்ப்பது அவனுடைய முதற்கடமை. அதற்கு வசதியோ பொறுமையோ இல்லையெனில், அந்த ஐயத்தை ஐயமாகவே வாங்குபவனிடம் ஒப்படைப்பது அடுத்த கடமை. தான் கண்டது இது, சோதித்தது இது, சோதியாதது இது என மூன்று வரிகளில் அதனைச் சொல்லிவிடலாம். சொன்னால் விலை சிறிது குறையும். நான் சொல்லாது காத்துக்கொண்டது அந்தச் சிறு தொகையையே.