மக்கும் என்னும் வாக்கு

மெய்யான சொல்லைக் கொண்டே ஒருவரை ஏமாற்றுதல் கூடுமோ? பொய் சொல்லுவோனை எளிதிற் கண்டுகொள்ளலாம். சொன்னது மெய்யாயிருந்தும், கேட்போன் அதனை வேறாகக் கொள்வான் என்றறிந்தே சொல்லுவோனை என்னென்பது? பச்சை இலை முத்திரையோடு கடைகளில் விற்கப்படும் 'மக்கும் பிளாஸ்டிக்' கிண்ணங்களைக் காணுந்தோறும் இவ்வினா எழுகின்றது.

இவற்றிற் பல, மக்காச்சோளம், கரும்பு முதலியவற்றின் சர்க்கரையைப் புளிக்கவைத்துச் செய்யப்படுபவை. அவை மக்கும் என்பது பொய்யன்று. ஆனால் எங்கே மக்கும்? ஐரோப்பாவில் வழங்கும் இ.என். 13432 என்னும் அளவுகோல், ஆறு மாதத்திற்குள் 90 விழுக்காடு சிதையவேண்டும் என்கிறது. அச்சோதனையோ, ஏறத்தாழ 58 பாகை வெப்பமுள்ள எருவாலையின் நிலையில் நடப்பது. நம் வீட்டுக் கொல்லையிலும், தோட்டத்து லயத்தின் பின்புறக் குழியிலும், கடல்நீரிலும் அவ்வெப்பம் ஏது? அங்கே அக்கிண்ணம் நெடுங்காலம் உருமாறாமற் கிடக்கும்.

சிங்கப்பூரிலோ செய்தி இன்னும் வேடிக்கையானது. இங்கே மறுபயனுக்குப் பிரிக்கப்படாத வீட்டுக் குப்பை எரிக்கப்படுகின்றது. அதன் சாம்பல் 1999 முதல் செமக்காவ் தீவிலே கொட்டப்பட்டு வருகின்றது. 2035-க்குள் அவ்விடம் நிரம்பிவிடும் என்பது அரசினர் மதிப்பு. மக்குங் கிண்ணமும் மக்காக் கிண்ணமும் ஒரே நெருப்புக்கு இரையாகின்றன. மக்குவதற்கென்று நாம் அதிக விலை கொடுத்தோம். மக்குவதற்கு அதற்கு நேரமே கிடைக்கவில்லை! நாசி லெமாக் மடித்த வாழையிலைக்கு எவரும் முத்திரை குத்தியதில்லை. அதனை லயத்து ஆடு தின்று தீர்த்தது.

அப்படியாயின் அக்கூடுதற் காசு எதற்கு? மன அமைதிக்கு. எத்தீமை செய்தாலும் தீர்த்தத்தில் ஒரு முழுக்குப் போட்டாற் பாவந் தீருமென்று புரோகிதர் சொல்ல, நம் முன்னோர் தட்சணை கொடுத்தனர். அதனை மூடநம்பிக்கையென்று நகைக்கும் நாமே இன்று பச்சை முத்திரைக்குத் தட்சணை கொடுக்கின்றோம். முன்னது ஆற்றங்கரையில் நடந்தது, பின்னது கடையிலே நடக்கின்றது. வேற்றுமை அவ்வளவே.

மக்கும் பொருளே வீண் என்று நாம் கூறவில்லை. இத்தாலியில் 2011-ஆம் ஆண்டு மக்காத கடைப்பைகள் தடுக்கப்பட்டன. மிலான் நகரில் 2012 தொடங்கி வீடுதோறும் உணவுக் கழிவைத் தனியே மக்கும் பையிற் சேர்த்து எடுத்துச் செல்லும் ஏற்பாடு வந்தது. அங்கே பையும் உண்டு, அதனை ஏற்கும் ஆலையும் உண்டு. ஆகவே சொல்லுக்குப் பொருளும் உண்டு. ஆலையில்லாத ஊரில் பையை மட்டும் விற்பது, பள்ளிக்கூடமில்லாத தோட்டத்திலே சிலேட்டு விற்பது போலாகும்.

'சுழற்சிப் பொருளாதாரம்' என்பது இன்று உலகெங்கும் ஒலிக்கும் பேச்சு. எப்பொருளும் கழிவாகாது, சுழன்று சுழன்று பயன்படும் என்கின்றனர். நல்ல எண்ணமே. ஆயினும் அச்சக்கரத்தைச் சுழற்றும் கை யாருடையது என்று கேட்போர் குறைவு. 2018-இல் சீனம் அயல்நாட்டுப் பிளாஸ்டிக் கழிவுக்குக் கதவடைத்தபோது, செல்வ நாடுகளின் குப்பை மலேசியாவுக்குத் திரும்பிற்று. மறுபயன் பெட்டியில் இட்டுவிட்டோமென்று அந்நாட்டார் நிம்மதியாய் உறங்க, சிலாங்கூரின் ஜெஞ்சாரோம் ஊரார் எரியும் பிளாஸ்டிக்கின் புகையை உட்கொண்டனர். 2020 ஜனவரிக்குள் மலேசியா 150 கொள்கலன்களைத் திருப்பியனுப்ப நேர்ந்தது.

இஃது ஏன் தமிழராகிய நமக்கு உறைக்கவேண்டும்? அந்நாளில் இந்நாட்டு நகரங்களின் தெருப்பெருக்கவும் குப்பை அள்ளவும் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டவருள் நம்மவர் பலர். அவருள்ளும் தாழ்ந்த சாதியாரென்று ஒதுக்கப்பட்டவர் பலர். தன் அழுக்கைத் தன் கண்ணுக்கப்பால் அனுப்பிவிட்டு, அதனை எடுத்தவனையே அழுக்கன் என்றது நம் சமூகம். கழிவு மறைந்துவிட்டதென்று நம்பும் மனமும் தீண்டாமையை வளர்த்த மனமும் ஒன்றே என்பது எம் கருத்து. முத்திரை அம்மனத்தைத் தாலாட்டுகின்றது, எழுப்புவதில்லை.

முத்திரையின் கீழே, 'இந்நாட்டில் இப்பொருள் எரிக்கப்படும்' என்று ஒரு வரி அச்சிட்டால் எத்தனை பேர் அதிக விலை கொடுப்பர்? சிங்கப்பூரின் பெரிய பேரங்காடிகளில் 2023 ஜூலை 3 முதல் பையொன்றுக்குக் குறைந்தது 5 காசு வாங்குகின்றனர். பை பிளாஸ்டிக்கோ, காகிதமோ, மக்குவதோ என்று அவ்விதி கேட்பதில்லை.