பனி தள்ளுகிறவருக்கு எப்படி நன்றி சொல்வது?

போன மாசி மாதம், ஒரு புயல் இரவில் அப்பாவுக்கு நெஞ்சு நொந்தது. நோர்வேயின் வடக்கு ஓரத்தில், ஃபின்மார்க்கில், பேரன்ட்ஸ் கடலைப் பார்த்தபடி இருக்கும் ஒரு மீன்பிடிக் கிராமம் எங்களுடையது. நான் பிறந்து வளர்ந்தது அங்கேதான், இப்போது இருப்பது ட்ரொம்சோவில். அம்மா தொலைபேசியில் அழுதுகொண்டே சொன்னதை வைத்துத்தான் அந்த இரவு எனக்குத் தெரியும். அந்தக் காற்றில் அம்புலன்ஸ் விமானம் இறங்க முடியவில்லை. மலை மேலால் போகும் ஒரே வீதியும் மூடப்பட்டிருந்தது. இரவுக் கடமையில் இருந்த டொக்டர் அம்புலன்சோடு வீட்டுக்கே வந்து ஊசி போட்டார். பிறகு பனி தள்ளும் வண்டி ஒன்று முன்னால் போக, அதற்குப் பின்னால் அம்புலன்ஸ் ஊர்ந்து போனது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஐந்து மணித்தியாலம். அப்பா பிழைத்துக்கொண்டார்.

சித்திரையில் நான் ஊருக்குப் போயிருந்தபோது அப்பா ஒரு வேலை வைத்திருந்தார். அம்மாவைக்கொண்டு நாற்பது ரோல்ஸ் செய்வித்து, ஒரு பெட்டியில் அடுக்கி, என்னைக் காரோட்டச் சொல்லி, பனி தள்ளுகிறவர்கள் வண்டிகளை நிறுத்தும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அன்றிரவு வண்டி ஓட்டினவர் அங்கே இருந்தார். முப்பது வயதுகூட இராது. அப்பா தன் உடைந்த நோர்வீஜிய மொழியில், கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணும் கலங்கி, என்னவெல்லாமோ சொன்னார். அவருக்கு ஒரே கூச்சம். "அது என்ர வேலைதானே" என்றார். இரண்டு ரோல்ஸ் எடுத்துச் சாப்பிட்டார். சாப்பாட்டுக்கு மட்டும் தெளிவாக நன்றி சொன்னார்.

திரும்பி வரும்போது அப்பா நெடுநேரம் கதைக்கவில்லை. பிறகு சொன்னார்:

"அவன் என்ர நன்றியை வாங்க மாட்டன் எண்டுட்டான், பிள்ளை. உயிரைக் காப்பாத்தினவன். இனி நான் அதை ஆரிட்டக் குடுக்கிறது?"

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

நோர்வேயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இவர்களிடம் நன்றிக்குப் பஞ்சமே இல்லை. சாப்பிட்டு எழும்பும்போது "தாக் ஃபொர் மாத்தென்", சாப்பாட்டுக்கு நன்றி. போன முறை சந்தித்ததற்கு, அடுத்த முறை காணும்போது "தாக் ஃபொர் சிஸ்த்". ஒன்றாக நடந்துவிட்டு வந்தால் நடைக்கு நன்றி. வேலை முடிந்து போகும்போது இன்றைய நாளுக்கு நன்றி. ஏழு வயதில் பள்ளித் தோழி வீட்டில் பார்த்ததை நான் எங்கள் வீட்டிலும் செய்துபார்த்தேன். சோறு சாப்பிட்டு முடித்ததும், "சாப்பாட்டுக்கு நன்றி, அம்மா." அம்மா முதலில் சிரித்தா. பிறகு அவவின் முகம் மாறிவிட்டது. "ஏன் பிள்ளை, நான் என்ன வெளியாளே?"

எங்கள் வீட்டில் நன்றி என்ற சொல் மேடையில்தான் இருந்தது. கூட்டம் முடியும்போது ஒருவர் நன்றியுரை சொல்வார். வீட்டுக்குள் அதைச் சொன்னால் கணக்கை முடிப்பதுபோல. கடன் தீர்ந்துவிட்டது, இனி நீ யாரோ நான் யாரோ என்பதுபோல. நோர்வீஜியர்கள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை நன்றி சொல்லி உறவைப் பேணுகிறார்கள். நாங்கள் சொல்லாமல் விட்டுப் பேணுகிறோம். நான் இரண்டுக்கும் நடுவில் வளர்ந்தேன்.

ஆனால் ஒரு நன்றியை மட்டும் இரண்டு பக்கமும் என்னிடம் எதிர்பார்த்தன. நாட்டுக்கான நன்றி.

அப்பாவுக்கு நெஞ்சு நோவதற்கு முந்திய ஐப்பசியில் ஊரில் ஒரு கூட்டம் நடந்தது. செலவைக் குறைக்க இரவு டொக்டரை அடுத்த ஊரோடு சேர்த்துவிடலாமா என்று பேச்சு. நான் விடுமுறையில் நின்றேன். எழும்பி, கூடாது என்று கதைத்தேன். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் டொக்டர், புயல் இரவில் இல்லாத டொக்டருக்குச் சமம் என்றேன். கூட்டம் கலைந்தபோது, எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த ஒருவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்: "உங்கட அப்பா அம்மா வந்த இடத்தில டொக்டரே இல்லையே. கொஞ்சம் நன்றியோட இருக்கலாம்." எனக்குச் சுட்டது. அதைவிட வீட்டுக்குப் போனபின் அப்பா சொன்னது சுட்டது.

"சோறு போட்ட நாட்டைச் சபையில குறை சொல்லாத."

"சோறு நாடு போடேல்லை அப்பா. நீங்கள்தான் போட்டனீங்கள்."

அவர் பதில் சொல்லவில்லை. 1987இல் இங்கே வந்தவர். முப்பது வருடம் மீன் தொழிற்சாலையில், குளிர்த் தண்ணீரில் கைவிரல் விறைக்க, கொட் மீன் துண்டுகளிலிருந்து முள் எடுத்தவர். உள்ளூர் ஆட்கள் தெற்கே நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஃபின்மார்க்கின் மீன் ஊர்கள் பலவற்றில் அந்த வரிசையில் நின்றவர்களில் நிறையப் பேர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். யார் யாருக்குச் சோறு போட்டது என்பது அவ்வளவு இலகுவான கணக்கில்லை.

கேட்டு வாங்கும் நன்றியின் பிரச்சினை இதுதான். அது ஒரு கொடையாளியை உருவாக்குகிறது. நாடு என்று ஒரு பெரிய மனிதர் எங்கோ உட்கார்ந்திருப்பதாகவும், அவர் இரக்கப்பட்டு எங்களுக்குக் கொடுத்ததாகவும் ஒரு கதை. அந்தக் கதையில் வாங்கினவர் வாய் திறக்கக் கூடாது. ஆனால் உண்மையில் கொடுத்தது யார்?

1825க்கும் 1925க்கும் இடையில் எட்டு லட்சத்துக்கும் அதிகமான நோர்வீஜியர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். பெரும்பாலும் வறுமை. நாங்கள் விமானம் ஏறினதுபோலத்தான் அவர்கள் கப்பல் ஏறினது. எட்டு மணித்தியால வேலைநாள் 1919இல் சட்டமானது. தொழிலாளர்கள் நீண்டகாலம் போராடி வாங்கினது. இந்தக் கரையில் மீனவர்கள் வியாபாரியிடம் கடன்பட்டு, அவர் சொன்ன விலைக்கு மீனைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1938இல் வந்த மீன் விற்பனைச் சட்டம்தான், மீனவர்களின் சொந்த அமைப்பே குறைந்தபட்ச விலையைத் தீர்மானிக்கலாம் என்று ஆக்கியது. ஓய்வூதியங்களை ஒரு குடையின் கீழ் கொண்டுவந்த தேசியக் காப்புறுதி 1967இல் நடைமுறைக்கு வந்தது. வடகடலில் பெரிய எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது 1969 கடைசியில். அதாவது, "அவங்களிட்ட எண்ணெய் இருக்கு, குடுக்கிறாங்கள்" என்று நம் ஆட்கள் சொல்வது முழு உண்மையில்லை. எண்ணெய்க்கு முன்னரே கொடுக்கத் தீர்மானித்துவிட்டார்கள்.

அந்த எண்ணெயிலும் ஒரு வெளிநாட்டவரின் கை இருக்கிறது. ஃபாரூக் அல்-காசிம் என்ற ஈராக்கியப் புவியியலாளர் 1968இல், நோயுற்ற மகனுக்கு வைத்தியம் தேடி, தன் நோர்வீஜிய மனைவியோடு இங்கே வந்தார். நாட்டின் எண்ணெய்க் கொள்கையை வகுத்தவர்களில் முக்கியமான ஒருவரானார். இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு தயக்கமும் உண்டு. வந்தவர் எல்லாரும் ஃபாரூக் ஆனால்தான் கணக்குச் சரியாகுமா? முள் எடுத்த அப்பாவின் கணக்கு எதில் எழுதப்படும்?

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு கிழவி இருந்தா. அம்மா அவவை ஆச்சி என்றுதான் கூப்பிடுவா, அவவும் திரும்பிப் பார்ப்பா. 1944 இலையுதிர் காலத்தில் ஜெர்மன் படைகள் பின்வாங்கும்போது ஃபின்மார்க்கை எரித்துக்கொண்டு போயின. சுமார் 50,000 பேர் பலவந்தமாகத் தெற்கே அனுப்பப்பட்டார்கள். ஆச்சிக்கு அப்போது ஆறு வயது. யுத்தம் முடிந்து திரும்பி வந்தபோது, வீடுகள் இருந்த இடத்தில் புகைபோக்கிகள் மட்டும் நின்றதாம். எங்களுடைய வீடும் அதற்குப் பிறகு கட்டப்பட்ட வீடுதான். அம்மா வந்த புதிதில், ஊரில் வீடு குண்டுபட்டு உடைந்த செய்தி வந்த நாளில், ஆச்சி ஒன்றும் சொல்லாமல் குசினியில் வந்திருந்து கோப்பி குடித்துவிட்டுப் போனாவாம். அம்மா இன்றைக்கும் அந்தக் கோப்பியைச் சொல்லுவா. நாட்டைப் பற்றிக் கேட்டால் ஆச்சியைப் பற்றித்தான் சொல்லுவா.

அந்த நாட்டில் வேறு கணக்குகளும் உண்டு. இதே கரையில் சாமி என்ற பூர்வகுடி மக்களும், க்வென் மக்களும், தங்கள் மொழியைப் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு உள்ளே போக வைக்கப்பட்டார்கள். தலைமுறை தலைமுறையாக. அதை விசாரித்த உண்மை ஆணைக்குழு 2023இல் அறிக்கை கொடுத்தது. 2024இல் நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டது. நான் இந்தக் கட்டுரையைத் தமிழில் எழுதுகிறேன் என்றால், வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் அ, ஆ எழுதப் படித்ததால்தான். என்னோடு படித்த ஒருத்தியின் பாட்டி தன் சாமி மொழியைத் தன் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுக்கப் பயந்தவ. நான் நன்றியோடு இருக்கிறேன் என்பதற்காக இதை மறந்தால், அது என்ன நன்றி?

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இங்கே மார்கழி முழுக்கச் சூரியன் வராது. தை மாதக் கடைசியில் அது திரும்பி வரும் நாளை வட நோர்வேயில் பல இடங்களில் சூரியப் பணிஸ் சாப்பிட்டுக் கொண்டாடுவார்கள். 2009 தையில் எனக்குப் பதினேழு வயது. பள்ளியில் பணிஸ் சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்தால் தொலைக்காட்சியில் வன்னி. என் வயதுடைய மச்சாள் அங்கே இருந்தா. அன்றிரவு, "நான் அங்கே பிறக்கவில்லை, நல்லகாலம்" என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த உடனேயே வெட்கமாகிவிட்டது. நெடுங்காலம் அதைத்தான் நன்றி என்று நினைத்திருந்தேன். இப்போது அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறேன்: தப்பினேன் என்ற நிம்மதி. அந்த நிம்மதிக்கு அடுத்தவரின் துன்பம் தேவைப்படுகிறது. நன்றிக்கு அது தேவையில்லை. வெளிச்சம் திரும்பி வந்ததற்கு மகிழ, எங்கோ இருட்டாக இருக்க வேண்டுமென்பதில்லை.

அப்படியானால் நன்றி என்றால் என்ன? திருக்குறளில் ஓர் அதிகாரத்தின் பெயர் செய்ந்நன்றியறிதல். அதில் வரும் நன்றி என்பது நாம் "தாங்க்ஸ்" என்று சொல்லும் நன்றி இல்லை. நன்மை என்று பொருள். செய்த நன்மையை அறிதல். சொல்வது அல்ல, திருப்பிக் கொடுப்பதும் அல்ல. அறிவது. யார் செய்தார், எப்படிச் செய்தார், அதற்கு என்ன விலை கொடுத்தார் என்று அறிவது.

இப்படிப் பார்த்தால் அப்பாவின் கேள்விக்கு ஒரு பதில் கிடைக்கிறது என்று நினைக்கிறேன். அந்த இளைஞன் நன்றியை மறுக்கவில்லை. கொடையாளி என்ற இடத்தைத்தான் மறுத்தான். "அது என்ர வேலை" என்றால், உங்கள் இடத்தில் யார் இருந்தாலும் வந்திருப்பேன் என்று அர்த்தம். அது கருணையைவிடப் பெரியது. கருணைக்கு முகம் பிடிக்க வேண்டும். வேலைக்கு வேண்டாம். அந்த வேலையை யாரோ உருவாக்கி, யாரோ வரி கட்டி, யாரோ கூட்டத்தில் எழும்பி இதை நிறுத்தக் கூடாது என்று சொல்லி, காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அறிந்தவர்தான் குறையும் சொல்ல முடியும். இரவு டொக்டரைப் பற்றி நான் கதைத்தது நன்றிகெட்டதனம் இல்லை. என்னிடமிருந்த நன்றியே அதுதான். இந்த வருடம் அவர் ஊரில் இருந்தார். அடுத்த வருடத்துக்கு இன்னும் முடிவாகவில்லை.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன், இவ்வளவு நீளமாக இல்லை. கொஞ்சம் யோசித்தார். "அப்ப அடுத்த கூட்டம் எப்ப?" என்று மட்டும் கேட்டார்.

நான் ட்ரொம்சோவுக்குத் திரும்பிய நாளில் மலையில் மறுபடி பனி. தடுப்புக்கட்டைக்கு முன் ஒன்பது கார்கள் காத்து நின்றோம். பனி தள்ளும் வண்டி வந்தது. அதன் பின்னால் வரிசையாகப் போக வேண்டும், முன்னால் போகிறவரின் சிவப்பு வெளிச்சத்தைக் கண்ணிலிருந்து விடக்கூடாது. யார் ஓட்டுகிறார் என்று தெரியவில்லை. சுற்றிலும் வெள்ளை, முன்னால் ஒரு சிவப்பு. பாதி வழியில்தான் பின்பார்வைக் கண்ணாடியைப் பார்த்தேன். எனக்குப் பின்னால் ஒருவர், என் வெளிச்சத்தைப் பார்த்தபடி வந்துகொண்டிருந்தார்.