சோறிட்ட அரசி

பங்குனித் திருவிழாவில் ஸ்ரீரங்கத்து நம்பெருமாள் ஜீயபுரம் ஆஸ்தான மண்டபத்துக்கு எழுந்தருளுவார். அங்கே அவருக்குப் பழையசாதமும் மாவடுவும் அமுது. காவிரிக்குப் போன பேரன் வீடு திரும்பாமல் தவித்த ஒரு கிழவியிடம் அரங்கனே அந்தப் பேரன் உருவில் வந்து, அவள் கையால் சாப்பிட்டுப் போனான் என்பது ஊர்க்கதை. பாட்டி போட்ட சோற்றை இப்படிக் கொண்டாடும் இதே திருச்சிச் சீமையை, பேரன் பட்டினி போட்டுக் கொன்றதாக மக்கள் இன்றும் சொல்லும் ஒரு பாட்டி அரசாண்டிருக்கிறார்.

மதுரை நாயக்க அரசி ராணி மங்கம்மாள்தான் அந்தப் பாட்டி. 1689இல் அவருடைய மகன் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பர் அம்மை கண்டு இறந்தார். கைக்குழந்தையான பேரன் விஜயரங்க சொக்கநாதனின் பெயரால் மங்கம்மாள் 1706 வரை ஆட்சி நடத்தினார். முகலாயப் படை தெற்கே இறங்கிய காலம் அது. கப்பம் கட்டி நாட்டை அழிவிலிருந்து காத்தார். அதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திருவிதாங்கூர் மேல் படை அனுப்பியவரும் அவர்தான். கோயிலுக்குக் கொடுத்த கை தர்காவுக்கும் நிலம் கொடுத்தது. சாலை போட்டார், சத்திரம் கட்டினார். மதுரை ரயில் நிலையத்தின் எதிரே சத்திரமும், தென்மாவட்டங்களில் மங்கம்மாள் சாலை என்ற பேச்சும் இன்னும் இருக்கின்றன.

அவருடைய சாவைப் பற்றி வழங்குவது செவிவழிச் செய்தி. சிறைக்குள் கண்ணுக்குத் தெரியும்படி உணவை வைத்து, கைக்கு எட்டாமல் செய்தார்களாம். நடந்ததோ இல்லையோ, வழிப்போக்கனுக்கெல்லாம் சோறு போட்டவளுக்குச் சோறு மறுக்கப்பட்டது என்பதைவிடப் பெரிய பாவம் நம் ஊர்க்காரர் மனத்துக்குத் தோன்றவில்லை. அவருக்காக அவர்கள் வைத்த ஒப்பாரி அந்தக் கதைதான்.

ஆனால் அந்த ஒப்பாரி பேரனை மட்டுமே ஏசுகிறது. தொட்டிலிலேயே பட்டம் பெற்றவன் அவன். அரசன் என்ற பெயர் அவனுக்கு, ஆளும் வேலை பாட்டிக்கு. நம் வீடுகளிலும் கடைகளிலும் இது புதிதல்ல. சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து இறக்காத பெரியவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். பிள்ளை கெடுத்துவிடுவானே என்ற பயத்தில்தான் இறக்குவதில்லை. கணக்குப் பார்க்கவும், தப்புச் செய்து திருந்தவும் வாய்ப்பே பெறாதவன் ஒருநாள் அதைப் பிடுங்குகிறான். மங்கம்மாள் பேரனை எப்படிப் பழக்கினாரோ, பின்னால் நடந்தது நன்றாக இல்லை.

விஜயரங்கர் பெரும் பக்தர். ஸ்ரீரங்கம் கோயிலில் குடும்பத்தோடு கைகூப்பி நிற்கும் அவருடைய ஆளுயரச் சிலைகளைக் கண்ணாடிக்குள் பார்க்கலாம். யாத்திரைக்கும் தானத்துக்கும் அள்ளிக் கொடுத்தார். நிர்வாகத்தை அதிகாரிகளிடம் விட்டார். 1732இல் பிள்ளையில்லாமல் இறந்தார். அவர் மனைவி மீனாட்சி ஒரு சிறுவனைத் தத்தெடுத்து, அவன் பெயரால் ஆளத் தொடங்கினார். மறுபடியும் ஒரு குழந்தைக்குப் பட்டம், மறுபடியும் ஓர் அரசியின் தோளில் பாரம். சில ஆண்டுகளுக்குள் திருச்சிக் கோட்டை ஆற்காடு நவாபின் மருமகன் சந்தா சாகிபின் கைக்குப் போய், மதுரை நாயக்கர் ஆட்சி அத்தோடு முடிந்தது.