மாத்திரையும் தவக்குலும்



சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் பாதை நிறைந்துவிடுகிறது. மூலிகை மலையைத் தழுவி வரும் அருவியில் குளித்தால் நோய்நொடி தீரும் என்பது மக்களின் நெடுநாள் நம்பிக்கை. நீர் அல்லாஹ்வின் அருட்கொடை. உடலுக்குக் குளிர்ச்சி, உள்ளத்துக்கு மகிழ்ச்சி. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால், "அருவியில் குளிக்கிறோம், ஓதிப் பார்க்கிறோம், பிறகு ஆயுளெல்லாம் தைராய்டு மாத்திரை எதற்கு?" என்று சிலர் மருந்தை நிறுத்திவிடுவதுதான் நமக்குக் கவலை தருகிறது.

கழுத்தின் முன்புறம் வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்த சிறு சுரப்பி தைராய்டு. அது சுரக்கும் தைராக்சின் குறைந்தால் சோர்வு, உடல் பருமன், மலச்சிக்கல், மாதவிடாய்க் கோளாறு எனப் பல தொல்லைகள் தோன்றும். அதற்குரிய மாத்திரை நோயைக் கொல்லும் மருந்தன்று. உடல் சுரக்கத் தவறியதை ஈடு செய்வது. ஆகவேதான் பலருக்கு அது நாள்தோறும் தேவைப்படுகிறது. கர்ப்பிணி அதை நிறுத்தினால் வயிற்றிலுள்ள சிசுவும் பாதிக்கப்படலாம். பிறவியிலேயே இக்குறையுள்ள குழந்தைக்கு மருந்து தாமதமானால் அறிவு வளர்ச்சியே குன்றிவிடும். அமானிதமாகக் கிடைத்த உயிர்களல்லவா இவை!

"இது பன்றியிலிருந்து எடுப்பதாமே?" என்று ஐயுறுவோரும் உண்டு. 1891இல் ஆங்கில மருத்துவர் மர்ரே ஆட்டின் சுரப்பிச் சாற்றைக் கொண்டு இச்சிகிச்சையைத் தொடங்கினார். பின்னர் பன்றியின் சுரப்பியும் பயன்பட்டது உண்மையே. ஆனால் 1927இல் ஹாரிங்டன், பார்ஜர் ஆகியோர் தைராக்சினை ஆய்வுக்கூடத்திலேயே உருவாக்கிக் காட்டினர். இன்று நம் மருத்துவர்கள் வழக்கமாக எழுதித் தரும் லீவோதைராக்சின் செயற்கையாகத் தயாரிக்கப்படுவதே.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு கற்பித்தவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். மருத்துவம் செய்துகொள்ளுமாறும் ஏவினார்கள். மாத்திரை கயிறு; ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ். கயிற்றை அவிழ்த்துவிடுவது தவக்குல் ஆகாது.

ரமளானிலும் இம்மருந்தை விட வேண்டியதில்லை. வெறும் வயிற்றில் தண்ணீருடன் உண்டு, அரைமணி முதல் ஒருமணி நேரம் கழித்தே உணவோ காபியோ கொள்ள வேண்டும். ஆகவே ஸஹர் உணவுக்கு முன்னரோ, இரவு உணவு உண்டு மூன்று மணி நேரம் சென்று உறங்கப் போகும்போதோ உண்ணலாம். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். சுரப்பு மிகுந்து கார்பிமசோல் உண்பவர்கள் வேளையை மாற்றலாமா என்று ரமளானுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். அம்மருந்து உண்ணும் காலத்தில் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நோன்பு நோற்க இயலாத நோயாளி வேறு நாட்களில் களாச் செய்ய அல்குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் சலுகை தந்திருக்கிறது. ரப்புத் தந்த சலுகையை ஏற்பதும் அவனுக்குக் கீழ்ப்படிதலே.

அருவியில் குளிப்போம், துஆவும் கேட்போம், மாத்திரையையும் பிஸ்மில்லாஹ் சொல்லி உண்போம். நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன்.