அளவுகோல் யாருடையது?

இரத்த ஓட்டத்தைக் கண்டறிந்தவர் யார் என்று பள்ளிச் சிறுவனைக் கேட்டால், வில்லியம் ஹார்வி என்று தயங்காமல் விடை பகர்வான். 1628-இல் ஹார்வி வெளியிட்ட நூல் போற்றத் தக்கதே. ஆயினும், அதற்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகட்கு முன்னரே, டமாஸ்கஸில் பயின்று கெய்ரோவில் மருத்துவம் புரிந்த இப்னு நபீஸ், இதயத்தின் வலப்புறத்து இரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்புறத்தை அடைகின்றது என எழுதிவிட்டார். இதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குப் புலனாகாத துளைகள் உள என்ற கிரேக்க மருத்துவர் காலனின் கொள்கையை இப்னு சீனாவும் ஏற்றிருந்தார். இப்னு சீனாவின் நூலுக்கு உரை வரைந்த இப்னு நபீஸோ, அதனைத் துணிந்து மறுத்தார்.

இவ்வுண்மை உலகறிய வெளிப்பட்டது எப்போது? 1924-இல், ஜெர்மனியில் பயின்ற எகிப்திய மருத்துவர் ஒருவர், பெர்லின் நூலகத்து அரபிக் கையெழுத்துப் பிரதியைக் கற்று ஆய்ந்த பின்னரே!

ஐரோப்பா அறிந்த நாளே ஓர் உண்மை பிறந்த நாள் எனக் கொள்வது அநீதி என்பதில் ஐயமில்லை. ஐரோப்பாவின் இடைக்காலத்தை உலகனைத்திற்கும் இருண்ட காலம் என எழுதிய பேனாக்கள், பாக்தாதிலும் குர்துபாவிலும் எரிந்த விளக்குகளைக் காணவில்லை.

ஆனால், நாம் செய்வதென்ன? இப்னு நபீஸை "ஹார்விக்கு முந்தியவர்" என்றே மேடைதோறும் அறிமுகம் செய்கின்றோம். ஐரோப்பியர் ஒருவரின் தோளோடு நிறுத்தி அளந்தாலன்றி நம் முன்னோரின் உயரம் நமக்குத் தெரிவதில்லை. பெருமை நம்முடையது, அளவுகோலோ அவர்களுடையது! இதுவும் ஒருவகை அடிமைத்தனமன்றோ?

இன்னொரு பிழையும் உண்டு. இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவைக் கணக்கிட்டு, உடல் முழுவதும் அது சுழன்று திரும்புவதைச் சோதனைகளால் நிறுவியவர் ஹார்வி. இப்னு நபீஸ் கூறியது நுரையீரல் வழிப்பட்ட ஓட்டத்தை மட்டுமே. "எல்லாம் நம்மவர் சொன்னதே" என முழங்கி ஹார்வியின் உழைப்பை மறைப்போமாயின், பிறர் நமக்கிழைத்த அநீதியையே நாமும் இழைத்தவராவோம். நீதி என்பது நமக்குச் சாதகமாகும்போது மட்டும் கேட்கும் பொருளன்று.

இப்னு நபீஸின் சிறப்பு அவர் முந்தினார் என்பதில் இல்லை. தாம் மதித்த பேராசான்களின் சொல்லையும் ஆராயாமல் ஏற்க மறுத்தாரே, அதில் இருக்கின்றது. 1288-இல் மறைந்த அப்பெருமகன், தம் இல்லத்தையும் நூல்களையும் கெய்ரோவின் மன்சூரி மருத்துவமனைக்கே விட்டுச் சென்றார். நம் பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சொல்லிக்கொடுக்கும்போது, அவர் கேட்டவாறு கேள்வி கேட்கவும் சொல்லிக்கொடுப்போமாக.